உப்புக்கண்டம் பார்சலில் போகும், பச்சைக்கறி போகுமா?

காரைக்குடியிலிருந்து உப்புக்கண்டம், அதாவது உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த ஆட்டுக்கறி, வரவழைக்கலாமா, பார்க்காமல் நம்பி வாங்கலாமா, பச்சைக்கறியே இப்போது பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்களே அது சரிப்படுமா என்று சொந்தக்காரர்களும் பழைய சிநேகிதர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. நான் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். பார்சல் கவுன்ட்டரில் நிறைய வருடம் உட்கார்ந்திருக்கிறேன். என் அக்கா கொத்தமங்கலத்தில் உப்புக்கண்டம் போட்டு விற்கிறார். அனுப்புகிற பக்கமும் தெரியும், செய்கிற பக்கமும் தெரியும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரம் வற்றிய கறி தபாலில் தாராளமாகப் போகும். ஈரக்கறியை, நடந்து போகிற தூரத்தில் ஒரு கறிக்கடை இருக்கிறவரை, நேரில் நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவும்.

எங்கள் பக்கத்தில் கறி தூரம் போவது புதிதல்ல. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கடை வைத்திருந்த காலத்தில், போகிறவர்கள் மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள். கணக்கு முடிந்தால்தான் ஊர் முகம் பார்ப்பது. சமையலுக்கும் எடுபிடிக்கும் சுற்றுவட்டார ஆட்களும் கூடப் போனார்கள். அப்பாவைப் பெற்ற எங்கள் ஐயா அப்படிப் பினாங்கில் ஒரு கடையில் சமையல்காரராக இருந்தவர். அவர் எழுதிய கடிதங்கள் சில அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. க்ஷேம விசாரிப்பு முடிந்து, வட்டிக் கடன், மாட்டு விலை எல்லாம் பேசி, கடைசியில் ஒரு வரி வரும்: அடுத்து வருகிற ஆள்வசம் கண்டம் ஒரு டின் கொடுத்தனுப்பவும், போன தடவை உப்பு மட்டு.

அன்றைக்குக் கறி ஆர்டர் கொடுத்தது இப்படித்தான். கேட்பது தபாலில் வரும், கறி ஆள் கையில் கப்பலேறும். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் நின்று பினாங்குக்குப் போகும். 1926இல் கட்டிய கப்பல் அது, 1970கள் வரை ஓடியது. யார் எப்போது கப்பலேறுகிறார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவர் வீட்டு முகப்பில் நாலைந்து டின்கள் பெயர் எழுதி வந்து சேர்ந்துவிடும். ஐயாவின் கடிதம் மாசிக்குள் வந்தால் பங்குனி வெயிலில் போட்டு அனுப்பலாம். ஐப்பசியில் வந்தால் அடுத்த வெயில்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான். 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் பினாங்கைப் பிடித்ததோடு கடிதமும் நின்றது, டின்னும் நின்றது. போர் முடிந்த பிறகுதான் ஐயா ஊர் வந்தார்.

அந்த டின்னில் இருந்த சரக்கு ஏன் கெடாமல் போனது என்றால், அது செய்த விதம். அக்கா இன்றைக்கும் எங்கள் அப்பத்தா செய்த மாதிரிதான் செய்கிறார், அதனால் பார்த்ததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க மாட்டார். ஞாயிற்றுக் கூட்டத்தில் கறிக்கடைப் பாய்க்கு நிதானமாக வெட்ட நேரம் இருக்காது. வாரத்தின் நடுவில், விடியற்காலை, முதல் ஆடு உரித்துத் தொங்கும்போது போய் நிற்பார். வெள்ளாடு, ரொம்ப முற்றாத கிடா, அதில் தொடை. கொழுப்பு ஒட்டியிருந்தால் கடையிலேயே எடுத்துவிடச் சொல்வார், ஏனென்றால் வெயிலில் கறி காயும், கொழுப்பு காயாது. அது உருகி இறங்கி சில நாளில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். கெட்டுப்போன உப்புக்கண்டம் என்று வருகிற புகார்களில் பாதி இந்தக் கொழுப்பால் வருவது என்பது அவர் கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் கழுவித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சதையின் நார் ஓடுகிற போக்கிலேயே கத்தியை விடுவார். ஒரு பக்கம் அறுத்துக்கொண்டு போய் நுனியில் விட்டுவிட்டு, திருப்பி மறுபக்கம் அறுப்பார். துண்டு அறுந்து விழாமல் நாடாவாக விரியும். விரல் தடிமனுக்கு மேல் எங்கேயும் இருக்கக் கூடாது. தடித்த இடத்தில் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அந்த இடம்தான் முதலில் கெடும். கல்லுப்பு, மஞ்சள், வரமிளகாய், பூண்டு, இஞ்சி, கொஞ்சம் சோம்பு, எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்துப் பிசறி இரவு முழுக்க ஊறவிடுவார். காலையில் பாத்திரத்தின் அடியில் செந்நீர் தேங்கி நிற்கும். அது உப்பு இழுத்த தண்ணீர், அதைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் கோணி ஊசியில் சணல் கோத்து, துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டுச் சரமாக்கி மொட்டைமாடிக் கொடியில் கட்டுவது. மேலே மல்லுத்துணி, ஈ உட்காராமல் இருக்க. காக்கைக்கு ஒரு ஆள், பெரும்பாலும் கம்போடு பேரன். பொழுது சாய்ந்ததும் சரத்தை உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி படக் கூடாது.

முதல் நாள் சொட்டும். இரண்டாம் நாள் தொட்டால் கையில் பிசுபிசுக்கும். மூன்றாம் நாள் நிறம் கறுக்கத் தொடங்கும். நல்ல பங்குனி, சித்திரை வெயில் என்றால் நாலைந்து நாளில் முடிந்துவிடும். முடிந்ததா என்று அக்கா கண்ணால் பார்த்துச் சொல்ல மாட்டார், காதால்தான். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுவார். கட்டையைத் தட்டியது போலச் சத்தம் வந்தால் சரி. மொத்தென்று கேட்டால் மறுபடி கொடிக்கு.

பச்சைக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர். கிருமி வளர அந்தத் தண்ணீர் வேண்டும். வெயில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது, மிச்சத்தை உப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது, கிருமிக்குக் கிடைப்பதில்லை. பனிக்கட்டி வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். இதற்கு விலை, எடையில் போகும். ஏறத்தாழ மூன்று கிலோ கறி போட்டால்தான் ஒரு கிலோ கண்டம் கிடைக்கும். ஆட்டுக்கறி கிலோ ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாளில், கறிக்கே மூவாயிரம் ஆகிவிடுகிறது. மசாலா, ஆள்கூலி, டப்பா, தபால் செலவு வேறு. உப்புக்கண்டம் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கிலோ ஆயிரத்து ஐந்நூறுக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதில் ஆடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று நான் சந்தேகப்படுவேன்.

இனி தபாலுக்கு வருகிறேன். நான் கவுன்ட்டரில் உட்கார்ந்த நாளில் பார்சல் என்றால் காடாத்துணிதான். பொருளை டப்பாவில் போட்டு, டப்பாவுக்கு அளவாகத் துணி வெட்டி, மடிப்பு உள்ளே போகும்படி கோணி ஊசியால் தைத்துக்கொண்டு வருவார்கள். தையல் ஓடுகிற இடமெல்லாம் அரக்கை உருக்கி விட்டு முத்திரை குத்த வேண்டும். வழியில் யாராவது பிரித்தால் தெரிந்துவிடும். அரக்கு உருகுகிற வாசம், துணியில் மை ஊறி எழுத்து பரவுவது, தராசில் வைத்துத் தபால் வில்லை கணக்குப் போடுவது, இந்த வேலைகளை நான் ரசித்துச் செய்தேன். ஒருவர் வீட்டுச் சாப்பாடு இன்னொரு ஊரில் இருக்கிற பிள்ளைக்குப் போகிறது, அது என் கை வழியாகப் போகிறது என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

ஆச்சிமார் பார்சல் கொண்டு வருவார்கள். "என்ன ஆச்சி உள்ளே?" என்று கேட்பேன், கேட்க வேண்டியது என் வேலை. "வத்தல்தான் தம்பி" என்பார்கள். சுண்டைக்காய் வத்தலும் வத்தல்தான், கறி வத்தலும் வத்தல்தான். டப்பாவை மோந்து பார்ப்பேன். பொருளின் வாசம் மட்டும் அடித்தால் வாங்கிக்கொள்வேன். துணியில் எண்ணெய் ஊறியிருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ, "இன்னும் ரெண்டு வெயில் காட்டிட்டு வாங்க ஆச்சி" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. 1898ஆம் வருடத்து அஞ்சலகச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, வெடிக்கக்கூடியது, ஆபத்தானது, அசுத்தமானது, தீங்கு செய்வது, சரியாக மூடாத கூர்மையான கருவி, மற்ற தபாலுக்கோ ஊழியருக்கோ கேடு செய்யக்கூடிய உயிருள்ள பிராணி எதுவும் தபாலில் போகக் கூடாது என்றது. (2023இல் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள்.) கட்டையாகக் காய்ந்த கண்டம் பக்கத்தில் கிடக்கிற பார்சலுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. அரைகுறையாகக் காய்ந்தது பை முழுக்க இருக்கிற கடிதங்களையும் கெடுத்துவிடும். அந்தப் பிரிவின் நோக்கத்தை நான் இப்படித்தான் புரிந்துகொண்டு வேலை பார்த்தேன்.

தபால்வழி வியாபாரத்தில் நம் நாடு பின்தங்கி இருந்ததாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வி.பி.பி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பொருளைத் தபால்காரர் கொண்டுவருவார், வாங்குகிறவர் பணத்தைத் தபால்காரரிடம் கொடுப்பார், இலாகா அதை விற்றவருக்கு மணியார்டரில் அனுப்பிவிடும். இது இந்தியாவில் 1877இல் வந்துவிட்டது. அமெரிக்கத் தபால் இலாகா இதே ஏற்பாட்டைத் தொடங்கியது 1913 ஜூலையில். இன்று பொருள் வந்த பிறகு பணம் என்று சொல்வதெல்லாம் நம்மூர்த் தபால்காரர் அதற்கு எவ்வளவோ காலம் முந்தியே செய்த வேலை. பார்க்காத பொருளுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்ற தைரியத்தில்தான் கிராமத்து ஜனம் மருந்து, புத்தகம், கடிகாரம் என்று வாங்கியது.

ஆனால் ஈரக்கறியைத் தபாலில் அனுப்பும் துணிச்சல் பெரிய அளவில் அமெரிக்காவில் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அங்கே 1913 ஜனவரி 1ஆம் தேதிவரை நாலு பவுண்டுக்கு மேல் தபாலில் அனுப்ப முடியாது. தனியார் சுமைக் கம்பெனிகள் வைத்ததுதான் விலை. அன்று பார்சல் தபால் தொடங்கி 11 பவுண்டு வரை அனுமதித்தார்கள், சீக்கிரமே வரம்பை உயர்த்திக்கொண்டு போனார்கள். 1914இல் பண்ணையிலிருந்து நேரே சாப்பாட்டு மேசைக்கு என்று ஒரு திட்டம். எந்த விவசாயியிடம் முட்டை, வெண்ணெய், கோழி, இறைச்சி கிடைக்கும் என்று போஸ்ட்மாஸ்டர்களே பட்டியல் எடுத்து, நகரத்து வீடுகளுக்குத் தபால்காரர் மூலம் கொடுத்தார்கள். ஒரு போஸ்ட்மாஸ்டர் இதையெல்லாம் செய்தார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனாலும் அது நினைத்த அளவுக்கு வேர் பிடிக்கவில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, பொட்டலம் கட்டுவதும் தனி வித்தை.

அந்த வித்தையைக் கற்றுக்கொண்டது ஒமாஹா என்ற ஊரில் ஒரு கறிக்கடைக் குடும்பம். 1917இல் அப்பாவும் மகனுமாகக் கடை வைத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மாட்டிறைச்சியைத் தபால்வழி விற்க ஆரம்பித்தார்கள். உள்பக்கம் மெழுகு பூசிய அட்டைப்பெட்டி, அதற்குள் உலர் பனிக்கட்டி. 1960களில் நுரைப்பெட்டியும் காற்றை உறிஞ்சி ஒட்டிய பையும் வந்த பிறகுதான் தூரத்து மாநிலங்களுக்குத் தைரியமாக அனுப்ப முடிந்தது. 1966இல் கடைக்கே ஒமாஹா ஸ்டேக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். நாம் தண்ணீரை எடுத்துக் கறியைக் காப்பாற்றினோம், அவர்கள் தண்ணீரை உறையவைத்துக் காப்பாற்றினார்கள். உலர் பனிக்கட்டி பூஜ்ஜியத்துக்குக் கீழே 78 டிகிரி குளிர். உருகித் தண்ணீராகாமல் நேரே வாயுவாகப் போய்விடும், அதனால் பெட்டி நனையாது. எங்கள் ஊரில் அது நினைத்தவுடன் கிடைக்கிற சரக்கில்லை. ஐஸ் கம்பெனியில் உடைத்துத் தருகிற பனிக்கட்டிதான்.

அப்படியும் எங்கள் ஊரிலிருந்து ஈரக்கறி போய்க்கொண்டுதான் இருக்கிறது, தபாலில் இல்லை, ராத்திரி பஸ்ஸில். சென்னையில் காது குத்து, வளைகாப்பு என்றால் ஊர்க் கிடாக் கறிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் உண்டு. சாயங்காலம் அறுத்து, தெர்மாகோல் பெட்டியில் கறியும் ஐஸும் அடுக்கி, பழுப்பு டேப் சுற்றி, ஆம்னி பஸ் டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வண்டி எண்ணைப் போனில் சொல்லிவிடுவார்கள். விடியும்போது அங்கே ஆள் நின்று வாங்கிக்கொள்வார். ஒரே இரவு, ஒரே வண்டி, இரண்டு பக்கமும் தெரிந்த ஆள். இது சரிப்பட்டு வருகிறது. காலையில் பல்லவன் ரயிலில் போகிற சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவதும் உண்டு, அது ஐயா காலத்து ஆள்வசம்தான், கப்பல் மட்டும் ரயிலாக மாறியிருக்கிறது.

கூரியரில் கைமாறிக் கைமாறிப் போகிற ஈரக்கறிதான் எனக்குப் பயம். என் மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வடக்கே ஒரு ஊரில் இருந்தாள். தூரத்துப் பண்ணையிலிருந்து நாட்டுக்கோழியும் ஆட்டுக்கறியும் கூரியரில் அனுப்புகிறோம் என்ற ஒருவரிடம் ஆர்டர் கொடுத்தாள். வழியில் மழை, பெட்டி ஒரு நாள் கிடங்கில் நின்றுவிட்டது. வந்தபோது ஐஸ் பை வெதுவெதுப்பாக இருந்தது, கறிப் பை பலூன் மாதிரி உப்பியிருந்தது. எனக்கு வீடியோவில் காட்டினாள். "திறக்கவே வேண்டாம்டா, அப்படியே போட்டுவிடு" என்றேன். அனுப்பியவர் பணத்தைத் திருப்பினார், ஆனால் கழுவிச் சமைத்தால் ஒன்றும் செய்யாது என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பை உப்பினால் உள்ளே கிருமி வளர்ந்து வாயு விட்டிருக்கிறது என்று அர்த்தம். சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. விற்பவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் கறி விற்கக் கூடாது.

காற்றை உறிஞ்சிய பை என்றதும் எல்லோரும் பயம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். காற்று இருந்தால் வளர்கிற கிருமிகளை அது தடுக்கும், காற்று இல்லாத இடத்திலேயே வளர்கிறவையும் இருக்கின்றன. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவே எல்லாமே சுறுசுறுப்பாகிவிடும், நம் ஊர் வெயிலில் ஒரு டெலிவரி வேனுக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரியாகக் காயாத உப்புக்கண்டத்தை இந்தப் பையில் அடைத்து விற்பது இன்னும் மோசம். பார்க்கப் பளபளவென்று அழகாக இருக்கும், உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் நிற்கும். அக்கா, கண்டத்தை அட்டை டப்பாவில் பிரவுன் பேப்பர் சுற்றித்தான் அனுப்புகிறார். மூச்சு விட இடம் வேண்டும் என்பார்.

பெருநகரங்களில் செயலி மூலம் கறி வாங்குவதை நான் இதோடு சேர்க்க மாட்டேன். லிசியஸ், ஃப்ரெஷ் டு ஹோம் இரண்டும் 2015இல் பெங்களூரில் தொடங்கியவை. அங்கே கறி கூரியரில் நாள்கணக்கில் அலைவதில்லை, அந்தந்த ஊர்க் கிடங்கில் குளிரில் இருந்து பக்கத்து வீட்டுக்கு வருகிறது. மகள் இப்போது பெங்களூரில் அப்படித்தான் வாங்குகிறாள். அடுக்குமாடியில் இருக்கிறாள், வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிறது, கறிக்கடைக்குப் போகும் ஞாயிறு அவளுக்குத் தூங்கும் ஞாயிறு. அவளுக்கு அது நல்ல வசதி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்குச் சுவரொட்டி (மண்ணீரல்) எது, நெஞ்செலும்பு எந்தப் பக்கம் என்று சொல்லித்தர அங்கே ஒருவரும் இல்லை. எங்கள் பாய், "சார், இன்னைக்குக் கிடா கொஞ்சம் முத்தல், குழம்புக்கு வேணாம், நாளைக்கு வாங்க" என்று வியாபாரத்தைத் தள்ளிவைத்து அனுப்புவார். எனக்குப் பச்சைக்கறியில் வேண்டியது அந்த வார்த்தைதான். அதைப் பெட்டியில் அனுப்ப முடியாது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்பதற்குத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் வருத்தம் அதிகம். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, எங்கே இருந்தாலும் உப்புக்கண்டத்தைத் தபாலில் கேட்காதீர்கள். கோமாரி நோய் நம் நாட்டு ஆடு மாடுகளில் இருக்கிறது. அதன் கிருமி உப்பு போட்டுப் பதப்படுத்திய கறியிலும் தாக்குப்பிடித்துப் போகக்கூடியது. பிரிட்டனில் 2001இல் அந்த நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று புதைத்தார்கள், எரித்தார்கள். சட்டத்துக்குப் புறம்பாக வந்த இறைச்சி, பன்றித் தீவனத்தில் கலந்ததுதான் காரணமாக இருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். ஒரு டின் கண்டம் என்று நாம் நினைப்பது அங்கே ஒரு விவசாயியின் மந்தையையே முடித்துவிடலாம். சுங்கப் படிவத்தில் வத்தல் என்று எழுதி அனுப்பு என்று யாராவது கேட்டால், அக்கா முடியாது என்று சொல்லிவிடுகிறார். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இந்த ஏக்கம் அவ்வளவு இல்லை, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இந்தியாவிலிருந்தே குளிரவைத்த ஆட்டுக்கறி முறைப்படி விமானத்தில் போகிறது. வாங்கி, வீட்டு மாடியில் நீங்களே காயவைக்கலாம், வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை.

உள்நாட்டில் வாங்குகிறவர்கள் யாரிடம் வாங்கினாலும் கறி எந்த மாதம் காயவைத்தது என்று கேளுங்கள். கார்த்திகை மாதத்தில் நேற்றுத்தான் போட்டோம் என்று சொன்னால், எதில் காயவைத்தீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள். சோலார் டிரையர் என்றால் நல்லது, நன்றாகவே காய்கிறது, பார்த்திருக்கிறேன். மின்விசிறிக்குக் கீழே என்றால் வேண்டாம். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். அக்கா மகன்தான் அதையெல்லாம் அலைந்து வாங்கினான், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பதும் ஸ்பீட் போஸ்டில் போடுவதும் அவன் வேலை. வெள்ளாடா செம்மறியா என்று கேட்டால் விற்பவர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். எலும்போடு வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். குழம்புக்கு ருசிதான், ஆனால் எலும்பை ஒட்டிய இடம் காய்வது கஷ்டம். பார்சலுக்கு எலும்பில்லாததே நல்லது.

பார்சல் வந்ததும் உடனே பிரியுங்கள், ஃப்ரிட்ஜ் மேலே வைத்து மறந்துவிடாதீர்கள். மோந்து பாருங்கள், பூண்டும் மிளகாயும் முதலில் வர வேண்டும். ஒரு தாம்பாளத்தில் பரப்பி ஒரு பகல் வெயில் காட்டிவிட்டு, ஈரமில்லாத பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி பாட்டிலிலோ போட்டு வையுங்கள். சமைக்கும்போது நாலைந்து துண்டை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, அம்மிக் குழவியால் நார் பிரியும்படி தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு மிதமான தீயில் வறுக்க வேண்டும். உப்பு போடவே போடாதீர்கள். ரசம் சோற்றுக்கும் பழைய சோற்றுக்கும் இது போதும், குழம்பு வைக்க ஆசைப்பட்டால் கத்திரிக்காயும் மொச்சையும் சேர்த்து வையுங்கள்.

அக்கா பங்குனி பிறந்ததும் கொடி கட்டுவார். வேண்டுபவர்கள் மாசிக்குள் சொல்லிவிட்டால் எத்தனை தொடை எடுக்க வேண்டும் என்று பாயிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க முடியும். ஆவணிக்கு மேல் கேட்டால் ஜாடியில் இருக்கிறவரை தருவார். தீர்ந்துவிட்டால் அடுத்த வெயிலுக்குத்தான்.